நரிக்கு டி.சி. கொடுக்க வேண்டாம்

மூன்றாம் வகுப்புக்கு நரிக் கதை வேண்டாம் என்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறார்கள். பயிற்சிக்கு வரும் கருத்தாளர்கள் சொல்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்துக்குக் கீழேயும் சொல்கிறார்கள். திருவண்ணாமலையில் தொடக்கப்பள்ளி ஆசிரியனாக இருக்கும் நான் இந்தப் பருவத்தில் மட்டும் மூன்று முறை கேட்டாகிவிட்டது. கடைசியாகச் சொன்னவர் ஓர் அம்மா. வீட்டுப்பாடம் எழுதாமலே எழுதிவிட்டதாக அவர் மகன் சொல்லியிருக்கிறான். "நீங்க சொல்ற நரிக் கததான் சார் இவன கெடுத்துச்சு" என்றார். பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "குடுத்த நோட்டு தீந்துபோச்சு சார், கேட்டா அம்மா திட்டும்" என்றான். நரி அந்தப் பக்கமே வந்திருக்கவில்லை.

எதிர்த் தரப்பை முதலில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் வாதம் இது: சிறு பிள்ளை கேட்டதைச் செய்யும். நரிக் கதையில் தந்திரம் ஜெயிக்கிறது, நம்பியவன் தோற்கிறான். பொய்க்குப் பரிசு வடை என்று ஏழு வயதில் மனதில் விழுந்தால் எழுபது வயதுவரை போகாது. ஆகவே இந்தக் கதைகளைப் பள்ளியில் சொல்லாமல் விட வேண்டும். சொல்லியே தீர வேண்டுமானால் முடிவைத் திருத்தி, அடியில் ஒரு நீதி வரி சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இது பாமரத்தனமான பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தத் தரப்புக்குக் கிடைத்த மிகத் திறமையான வக்கீல் ரூசோ. 1762இல் வந்த 'எமீல்' நூலில், லா ஃபோந்தேன் எழுதிய காகம், நரிக் கதையை எடுத்துக்கொண்டு வரி வரியாகப் பிய்த்துப் போடுகிறார். நம்மூரில் வடை, அங்கே பாலாடைக்கட்டி. மற்றபடி அதே கதைதான். பிள்ளைகள் காகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஆனால் நரியின் பக்கம் சேர்ந்துகொள்வார்கள் என்பது ரூசோவின் குற்றச்சாட்டு. பிள்ளைகளை உற்றுப் பார்த்தவன்தான் அப்படி எழுத முடியும். என் வகுப்பிலும் "யார் நரியா நடிக்கிறீங்க?" என்றால் இருபது கைகள் எழும்; காகத்துக்கு ஆள் பிடிக்க வேண்டியிருக்கும். ரூசோ பார்த்தது சரி. அதிலிருந்து அவரும் அவர் வழியே பேசுகிறவர்களும் இறங்கும் முடிவைத்தான் நான் மறுக்கிறேன்.

1. யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று ஒருமுறையாவது கேட்டதுண்டா?

தந்திரக் கதை என்று ஒரே சாக்கில் கட்டுகிறார்கள். சாக்கை அவிழ்த்துப் பார்ப்போம். சிங்கத்துக்கு இரையாகப் போகும் முறை முயலுக்கு வருகிறது. முயல் வேண்டுமென்றே தாமதமாகப் போய், வழியில் வேறொரு சிங்கம் மறித்தது என்று சொல்லி, கிணற்றில் அதன் நிழலையே காட்டிக் குதிக்க வைக்கிறது. குரங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு நடு ஆற்றுக்குப் போன முதலை, என் மனைவி உன் இதயத்தைக் கேட்கிறாள் என்கிறது. அதை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேனே, திரும்பப் போய் எடுத்து வருவோம் என்கிறது குரங்கு. இவை ஒரு வகை: சாகப்போகிறவன் சொன்ன பொய்.

காகம், நரிக் கதை வேறு வகை. அங்கே யார் உயிருக்கும் ஆபத்தில்லை. இரண்டும் கிட்டத்தட்டச் சம பலம். புகழ்ச்சிக்கு மயங்கி ஒன்று வாயைத் திறக்கிறது, அவ்வளவுதான். மூன்றாவது வகையில் கொக்கு வருகிறது. குளம் வற்றப்போகிறது, உங்களை வேறு குளத்தில் கொண்டுபோய் விடுகிறேன் என்று மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்ப் பாறைமேல் வைத்துத் தின்கிறது. வலுத்தவன் பாதுகாவலன் வேஷம் போட்டு எளியவனைத் தின்னும் கதை அது. கடைசியில் நண்டு அதன் கழுத்தைக் கத்தரிக்கிறது.

இந்த மூன்றுக்கும் 'ஏமாற்று' என்று ஒரே பெயர் வைத்தால் பிள்ளைக்கு எதுவும் புரியாது. பெரியவர்களுக்கே புரியவில்லை என்பதுதான் தகராறு. வள்ளுவர் வாய்மை அதிகாரத்திலேயே, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையோடு சேர்த்து எண்ணத்தக்கது என்று இடம் விட்டிருக்கிறார். குறளை மனப்பாடம் செய்யச் சொல்லி மதிப்பெண் போடுகிறவர்கள் குரங்குக்கு மட்டும் அந்தச் சலுகையை மறுக்கிறார்கள். "குரங்கு முதலைகிட்ட உண்மையச் சொல்லியிருக்கணுமா?" என்று வகுப்பில் ஒருநாள் கேட்டேன். இரண்டாம் பெஞ்சுக்காரி எழுந்து, "சொல்லியிருந்தா கத அங்கியே முடிஞ்சிருக்கும் சார், குரங்கும் முடிஞ்சிருக்கும்" என்றாள்.

இந்தக் கதைகளை யார் சொல்லி வளர்த்தார்கள் என்று பாருங்கள். அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள் ஒரு முயலின் கதைகளைச் சொன்னார்கள். 1880இல் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் அவற்றைத் தொகுத்து அச்சேற்றினார். ஓநாயையும் கரடியையும் அந்த முயல் முட்டாளாக்கும். மலேசியத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சாங் கஞ்சில் என்ற சருகுமானைத் தெரிந்திருக்கும். ராஜா உங்களை எண்ணச் சொன்னார் என்று முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, ஒன்று இரண்டு என்று எண்ணியபடியே அவற்றின் முதுகில் மிதித்து ஆற்றைக் கடந்துவிடும். புலிக்குத் தந்திரம் தேவையில்லை. அதற்குப் பல் இருக்கிறது. பல் இல்லாதவன் கையில் இருப்பது யோசனை ஒன்றுதான். அதையும் 'கெட்ட பழக்கம்' என்று பிடுங்கிக்கொண்டால் மிச்சமிருப்பது புலியின் நியாயம். மூட்டை தூக்குகிறவர், கிரிவலப் பாதையில் கற்பூரம் விற்கிறவர், செங்கல் சூளைக்குப் போகிறவர் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அந்த நியாயத்தைப் போதிக்க எனக்கு மனமில்லை.

நான் சொல்லாமல் விடும் கதைகளும் உண்டு. காது கேளாதவரைக் கேலி செய்யும் கதை, மருமகளை மடக்கும் மாமியார் கதை, ஒரு சாதிக்காரரை மொத்தமாக முட்டாளாக்கும் கதை. இவற்றை எடுக்கச் சொல்லி இதுவரை ஒரு பெற்றோரும் என்னிடம் வந்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், இவற்றில் பலவற்றுக்கு அடியில் அருமையான நீதி வரி இருக்கும்.

2. பிள்ளை பொய் சொல்லப் பழகுவது கதை கேட்டா?

மூன்று வயதில், வாயைச் சுற்றிச் சர்க்கரை ஒட்டியிருக்க, "நான் தின்னல" என்று சொல்லும் குழந்தை எந்தப் பஞ்சதந்திரத்தைப் படித்தது? 1983இல் விம்மர், பெர்னர் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். மாக்ஸி என்ற பையன் ஓர் அலமாரியில் சாக்லேட் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளை சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டும். தனக்குத் தெரிந்தது மாக்ஸிக்கும் தெரியும் என்று அது நினைக்கிறது. நாலு, ஐந்து வயதுக்கு மேல்தான் 'அவனுக்குத் தெரியாது' என்பது பிடிபடுகிறது.

இந்தத் திறன் வந்த பிறகுதான் ஒருவனால் உருப்படியாகப் பொய் சொல்ல முடியும். அதே திறன் வந்த பிறகுதான் அடுத்தவன் மனதை அறியவும், ஏன் அழுகிறான் என்று கேட்கவும், இவன் ஏதோ மறைக்கிறான் என்று உணரவும் முடியும். கதவு ஒன்றுதான். காகத்துக்கு என்ன தெரியும், நரிக்கு என்ன தெரியும், பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு என்ன தெரியும் என்று மூன்று கணக்கை ஒரே நேரத்தில் மனதில் ஓட்டினால்தான் வடைக் கதைக்குச் சிரிப்பு வரும். ஒன்றாம் வகுப்பில் ஜூன் மாதம் சொன்னால் சில பிள்ளைகள் சிரிக்கவே மாட்டார்கள். காகம் பாடியது, வடை விழுந்தது, சரி என்று உட்கார்ந்திருப்பார்கள். அதே பிள்ளைகள் ஜனவரியில் நரி வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிக்கிறார்கள்.

கேட்டதைச் செய்யும் என்ற பயத்துக்கும் கணக்கு இருக்கிறது. 2017இல் டொரன்டோவிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், பகிர்ந்துகொள்வது பற்றிய ஒரே கதையை நாலிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு மனிதர்களை வைத்தும் விலங்குகளை வைத்தும் சொன்னார்கள். மனிதக் கதை கேட்டவர்கள் கூடுதலாகப் பகிர்ந்தார்கள். விலங்குக் கதை கேட்டவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. சட்டை போட்ட விலங்கிலிருந்து நல்ல பழக்கத்தையே பிள்ளை எடுத்துக்கொள்ளவில்லை என்றால், கெட்ட பழக்கம் மட்டும் உடனே தாவி வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு என்ன ஆதாரம்?

மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். கதையால் நடத்தை மாறவே மாறாது என்று நான் வாதிட முடியாது. 2014இல் காங் லீ என்ற ஆய்வாளரின் குழுவினர் மூன்றிலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகளுக்குச் சில கதைகளைச் சொல்லிவிட்டு, அவர்கள் உண்மை பேசுகிறார்களா என்று பார்த்தார்கள். செர்ரி மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு அப்பாவிடம் பாராட்டு வாங்கிய ஜார்ஜ் வாஷிங்டன் கதை வேலை செய்தது. 'புலி வருது' என்று நாம் சொல்கிற கதையும், பொய் சொன்னால் மூக்கு நீளும் பினாக்கியோ கதையும் வேலை செய்யவில்லை. பொய் சொன்னவன் கெட்டுப்போனான் என்று மிரட்டும் கதைகள்தான் தோற்றவை என்பதைக் கவனியுங்கள். நரிக் கதையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைக்கச் சொல்கிறார்களோ, அதே சரக்கு. பிள்ளை உண்மை பேச வேண்டுமென்றால், உண்மை சொன்ன அன்று அடிக்காமல் இருங்கள். நோட்டு தீர்ந்துவிட்டது என்று தைரியமாகச் சொல்ல முடிந்த வீட்டில் அந்தப் பையன் பொய் சொல்லியிருக்க மாட்டான்.

3. முடிவைத் திருத்தினால் கதை திருந்திவிடுமா?

வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு 'கா கா' என்று பாடிய புத்திசாலிக் காகத்தை எல்லோருக்கும் தெரியும். அதைப் பிள்ளைகளே ரசித்துச் சொல்கிறார்கள்; எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைத் 'திருத்தப்பட்ட பதிப்பு' என்று கொண்டுவந்து, பழையதை மறக்கச் சொல்வது வேறு. பழைய கதை தெரியாதவனுக்குப் புதிய காகம் ஏன் வடையைக் காலுக்கடியில் வைக்கிறது என்றே புரியாது. ஏமாந்த காகம் முன்னால் போனதால்தான் பின்னால் வந்த காகத்துக்குப் புத்தி வந்தது.

திருத்தும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. பஞ்சதந்திரத்தின் முதல் பகுதியில் தமனகன் என்ற நரி, சிங்கத்துக்கும் எருதுக்கும் இருந்த நட்பைக் கோள் மூட்டிக் கெடுக்கிறது. எருது சாகிறது. தமனகனுக்கு ஒன்றும் ஆகவில்லை, மந்திரியாக இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் இப்னு அல்முகஃபா இதை அரபியில் 'கலீலா வ திம்னா' என்று எழுதியபோது ஓர் அத்தியாயம் கூடுதலாக வந்தது: தமனகன்மீது விசாரணை, சாட்சி, மரண தண்டனை. வடமொழி மூலத்தில் இது கிடையாது. குற்றவாளி தப்பிப்பதைப் பொறுக்க முடியாமல் அவரே சேர்த்தார் என்பது ஆய்வாளர்கள் கருத்து. (அவரையே பின்னாளில் ஆட்சியாளர்கள் கொன்றார்கள். விசாரணை, சாட்சி எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.) 1759இல் ஜெர்மானியர் லெஸ்ஸிங் இன்னும் ஒரு படி போனார். காகம் கொண்டுவந்த இறைச்சியில் விஷம் தடவியிருந்ததாகவும், முகஸ்துதி பாடி அதை வாங்கித் தின்ற நரி செத்துப்போனதாகவும் மாற்றினார். பெரியவர்களுக்கான கிண்டலாக அது பிரமாதம். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வி, "இறைச்சியில விஷம் யார் சார் வெச்சது?" அது அடுத்த வீட்டுப் பூனைகளைக் கொல்லத் தோட்டக்காரன் வைத்தது. இப்போது நீதி எங்கே போய் நிற்கிறது?

நீதி வரிக்கு வருவோம். கதையின் தலையில் ஒரு வரி எழுதி வைப்பது கிரேக்க, லத்தீன் தொகுப்புகளிலேயே உண்டு. மேடைப் பேச்சாளர்கள் எந்த இடத்துக்கு எந்தக் கதை பொருந்தும் என்று தேடி எடுக்க வைத்த குறிப்பு அது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். டப்பாவின் மேல் 'துவரம் பருப்பு' என்று ஒட்டுவது மாதிரி. அந்தச் சீட்டைத்தான் நாம் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறோம். தாண்டவராய முதலியார் 1826இல் பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் கொண்டுவந்தார். சென்னைக் கோட்டைக் கல்லூரியில் தமிழ் படித்தவர்களுக்கு அது பாடநூல். அரசாங்கம் நடத்தப் போகிறவனுக்கு நரியின் வேலையைத் தெரிந்துகொள்ள இந்த நூல் வேண்டும். விஷ்ணுசர்மா கதை சொன்னதும் ராஜாவின் மக்களுக்குத்தான். ஆளப் பிறந்தவனுக்குத் தந்திரக் கதை, ஆளப்படுகிறவன் பிள்ளைக்கு 'பேராசை பெருநஷ்டம்'. யார் செய்த பங்கீடு இது?

அந்த ஒற்றை வரி என்ன செய்கிறது என்பதை ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தேன். வடைக் கதையை முடித்துவிட்டு, பாடக்குறிப்பில் எழுதியிருந்த நீதியைப் பலகையில் எழுதத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "சார், பாட்டிக்கு யார் சார் காசு குடுப்பாங்க?"

சுண்ணக்கட்டியோடு நின்றுவிட்டேன். எத்தனை வருஷமாகச் சொல்கிறோம் இந்தக் கதையை! வடை காகத்துடையது என்று நாமாகவே முடிவு செய்துவிட்டோம். காகம் அதைப் பாட்டியிடம் திருடியது. முகஸ்துதிக்கு மயங்காதே என்று நான் எழுதவிருந்த நீதி, திருடனுக்குச் சொல்லும் பாதுகாப்பு ஆலோசனை. கேட்ட பெண்ணின் பாட்டி கோயில் பக்கம் இட்லிக் கடை போட்டிருக்கிறார். உளுந்து என்ன விலை, எண்ணெய் என்ன விலை என்று அவளுக்குத் தெரியும். அரைமணி நேரம் சண்டை நடந்தது. காகம் தர வேண்டும் என்று ஒரு கட்சி, தின்ற நரிதான் தர வேண்டும் என்று ஒரு கட்சி. பாட்டி ஒரு கண்ணை வடைமேல் வைத்திருக்க வேண்டும் என்று ஒருவன் சொல்ல, அவனை எல்லோரும் சேர்ந்து அடக்கினார்கள். நான் நீதியை ஒரு நொடி முன்னால் எழுதியிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது. நீதி வந்ததும் கதை முடிந்தது, நோட்டை எடு என்றுதான் பிள்ளைகளுக்குப் பழக்கம்.

4. 'இது நம் பண்பாடு இல்லை' என்று திருவண்ணாமலையிலா சொல்கிறீர்கள்?

கோபம் வருவது இங்கேதான். ஆன்மிக நகரத்தில் பிள்ளைகளுக்கு ஆன்மிகக் கதை சொல்லுங்கள், குள்ளநரிக் கதை எதற்கு என்கிறார்கள். இந்த ஊரின் தலபுராணமே ஒரு பறவை சொன்ன பொய்தான். அடிமுடி காணாத நெருப்புத் தூணாக நிற்கிறார் சிவன். பன்றியாகி அடியைத் தேடிப் போன திருமால், காணவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அன்னமாகி மேலே போன பிரம்மா வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, நான் முடியைக் கண்டேன் என்று பொய்ச்சாட்சி சொல்ல வைக்கிறார். சிவன் கோயில்களில் கருவறையின் பின்சுவரில் லிங்கோத்பவரைப் பாருங்கள்: மேலே அன்னம், கீழே பன்றி. பொய் சொன்ன அன்னத்தைச் செதுக்காமல் விட்டுவிடவில்லை சிற்பி.

பொய் சொன்ன பிரம்மாவுக்குக் கோயில் இல்லை, தாழம்பூவுக்குச் சிவபூஜையில் இடமில்லை, தண்டனை கிடைத்துவிட்டதே, எங்கள் கட்சிதானே இது என்று அவர்கள் சொல்லலாம். நியாயம். கோயிலை விட்டு இறங்கிக் கிரிவலம் போவோம். பதினான்கு கிலோமீட்டர் பாதையில் அடி அண்ணாமலை வரும். அங்கே மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில் இருக்கிறது. அவர் திருவெம்பாவை பாடியது இந்த ஊரில் என்பது மரபு. அவர் கதை என்ன? குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிடுகிறார். மாட்டிக்கொண்டதும், சிவனே காட்டு நரிகளையெல்லாம் குதிரையாக்கி, தானே குதிரை வியாபாரியாக வேஷம் கட்டி, அரசனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். இரவில் குதிரைகள் மறுபடியும் நரியாகி, லாயத்தில் இருந்த நிஜக் குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. போலிச் சரக்கு, போலி வியாபாரி, ஏமாந்தது அரசாங்கம். இதற்குப் பெயர் திருவிளையாடல். இதற்கு என்ன நீதி எழுதுவீர்கள்?

திரும்பக் கோயிலுக்குள் வந்தால் கிளி கோபுரம். அருணகிரிநாதர் தன் உடலை விட்டுக் கிளியின் உடலில் புகுந்து பாரிஜாத மலர் கொண்டுவரப் போனபோது, பொறாமைக்காரன் சம்பந்தாண்டான் அந்த உடலை எரித்துவிட்டான் என்கிறது கதை. சூழ்ச்சி செய்தவன் ஜெயித்தான். ஏமாந்தவர் கிளியாகவே இருந்து பாடினார். பொய் தோற்ற கதை, பொய்யே அருளாக வந்த கதை, பொய் ஜெயித்தும் ஒன்றும் கிடைக்காத கதை, மூன்றையும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறது மரபு. மூன்றையும் கேட்டுத்தான் இந்த ஊர்ப் பிள்ளைகள் வளர்கின்றன. 'சுட்ட பழமா, சுடாத பழமா' என்று ஔவையாரை மடக்கிய மாட்டுக்காரப் பையனைப் பற்றி யாரும் புகார் கொடுத்ததாக நினைவில்லை. கடவுள் செய்தால் லீலை, நரி செய்தால் ஒழுங்கீனமா?

5. நரிக்கு அநியாயம் செய்கிறோமாம்.

இது புதுப் புகார், படித்தவர்களிடமிருந்து வருவது. நரியைத் தந்திரக்காரன் என்று முத்திரை குத்துவது பிள்ளைகளை விலங்குகளிடமிருந்து பிரிக்கும் என்கிறார்கள். 'நரி முகத்தில் முழித்தாயா' என்று அதிர்ஷ்டக்காரனைக் கேட்பவனும் இதே தமிழன்தான். சேலம் மாவட்டத்தில் வாழப்பாடிப் பக்கத்து ஊர்களில் பொங்கலையொட்டி வங்காநரியைப் பிடித்து வந்து வணங்கி ஓடவிடும் வழக்கம் இருந்தது. வனத்துறை தடுக்கிறது, தடுப்பது சரிதான். நரிகளுக்கு ஆபத்து கண்ணியாலும் காணாமல்போன புதர்க்காட்டாலும். வடைக் கதையால் ஒரு நரியும் செத்ததில்லை. இந்த ஊர் ரமணாசிரமத்தில் பசு லட்சுமிக்குச் சமாதி இருக்கிறது. பக்கத்தில் மான், நாய், ஒரு காகத்துக்குக்கூட இருக்கிறது. வடைக் கதை தெரிந்த பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனேன். காகத்தின் சமாதி முன்னால் அமைதியாகத்தான் நின்றார்கள்.

6. நேரமில்லை, முதலில் எழுத்து என்கிறார்கள்.

'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கென்று தொடங்கியது. அதிலேயே கதைக்கென்று தனிக் களம் இருக்கிறது. இதற்கு மேல் பதில் தேவையில்லை.

7. சரி, நரியை அனுப்பியாகிவிட்டது. வகுப்பில் மிச்சமிருப்பது யார்?

காகம். வாயில் வடையோடு, யாராவது புகழ்ந்தால் பாடத் தயாராக உட்கார்ந்திருக்கும் காகம். நரியே இல்லாத உலகம் ஒன்று இருப்பதாக நம்பி அது வெளியே போகும். அந்த உலகம் எந்த ஊரில் இருக்கிறது? பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் வெளியாட்கள் வந்து போகும் ஊர் இது. எங்கள் பிள்ளைகள் ஒரு கார்த்திகை தீபத்தில் பார்க்கும் அந்நிய முகங்களை வேறு ஊர்ப் பிள்ளைகள் ஒரு வருஷத்தில் பார்க்க மாட்டார்கள். "பாப்பா, உன் கண்ணு எவ்ளோ அழகு, வா, ஒண்ணு காட்றேன்" என்று ஒருவன் கூப்பிட்டால், அது நரியின் முதல் வரி என்று அந்தப் பாப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்த நீதி வரி அதைச் சொல்லித் தரும்?

பெரியவர்கள் கதை இன்னும் மோசம். "வாழ்த்துகள் அம்மா, உங்க நம்பருக்குப் பரிசு விழுந்திருக்கு, வந்திருக்கற ஓ.டி.பி.யை மட்டும் சொல்லுங்க." மரத்தடியில் நின்று, உன் குரல் எவ்வளவு இனிமை என்று பாடியதும் இதே ராகம்தான். அழைத்துப் புகார் சொல்ல 1930 என்ற எண் இருக்கிறது. வடை போன பிறகு. நரிக் கதை வேண்டாம் என்ற வாட்ஸ்அப் செய்திக்கு நாலு செய்தி மேலே, 'இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் இலவச ரீசார்ஜ்' என்று ஒருவர் அனுப்பியிருந்தார். பதினோரு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள்.

ரூசோ பிள்ளைகள் நரியின் பக்கம் சேர்வதைப் பார்த்துப் பயந்தார். அவர் எமீலுக்கு ஒரே ஓர் ஆசிரியர், கூடப் படிக்க ஒரு வகுப்பு இல்லை. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நரியாக ஒருவன் எழுந்தால் ஏமாற மறுக்கும் இருபத்தொன்பது பேர் எதிரே உட்கார்ந்திருப்பார்கள்.

மூன்றாம் வகுப்பில் புலிக் கதை போட்டோம். கூண்டில் மாட்டிய புலியை இரக்கப்பட்டுத் திறந்துவிடுகிறான் வழிப்போக்கன். வெளியே வந்த புலி அவனையே தின்னப் பார்க்கிறது. அந்த வழியாக வந்த நரி, எனக்கு மண்டையில் ஏறவில்லை, நீ கூண்டுக்குள்ளா இருந்தாய், கூண்டு உனக்குள்ளா இருந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. எரிச்சலான புலி, இப்படித்தான் இருந்தேன் என்று காட்ட உள்ளே போகிறது, கதவு சாத்தப்படுகிறது. இரண்டு பெஞ்சைச் சேர்த்துக் கூண்டு கட்டினோம். இட்லிக் கடைப் பாட்டியின் பேத்திதான் புலி. வீட்டுப்பாடப் பையன் நரி. கதை சரியாகப் போய்க்கொண்டிருந்தது. நரி மூன்றாவது முறையாக 'எனக்குப் புரியல' என்றபோது புலி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நான் உள்ள போவ மாட்டேன். போனா நீ கதவச் சாத்திடுவ. எனக்குக் கத தெரியும்" என்றது.

நரி என் முகத்தைப் பார்த்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் காதைச் சொறிந்துவிட்டு அவன் ஆரம்பித்தான்: "சரி, போவாத. நீ எவ்ளோ பெரிய புலி! இந்தக் கூண்டு இத்துனூண்டு. நீ இதுக்குள்ள இருந்தேன்னு சொன்னா யாரு நம்புவா? பாக்கறவங்களே பயந்துருவாங்க, அவ்ளோ பெரிய புலி நீ." புலியின் முகம் மலர்ந்தது. ஒரு கால் பெஞ்சுக்குள் போனது.

"ஏய், அவன் வட கேக்கறான்டி!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

கால் வெளியே வந்தது. மதிய உணவு மணி அடித்து எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகும் புலி கூண்டுக்கு வெளியேதான் நின்றது, நரி ஓடிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு.